பாயிண்ட் கணக்கு வேறு, நேரக் கணக்கு வேறு: வயரிங் வேலைக்கு ஆள் நேரம் போடும் முறை

கேள்வி இதுதான்: "வீட்டு வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். கடைசியாகச் செய்த மூன்று வீட்டிலும் சாமான் கணக்கு சரியாக வந்தது, ஆள் கூலிதான் கையைக் கடித்தது. எந்த சாஃப்ட்வேர் வாங்கினால் வேலை நேரத்தைச் சரியாகக் கணக்குப் போடலாம்?"

தம்பி, சாமான் கணக்கு ஏன் சரியாக வருகிறது என்று முதலில் பாருங்கள். வயர் 90 மீட்டர் காயிலாக வருகிறது, பைப் 3 மீட்டர் நீளமாக வருகிறது. மீந்தது கண்ணெதிரே கிடக்கும், போதாவிட்டால் கடைக்கு ஓட வேண்டும். அதனால் இரண்டு மூன்று வீட்டிலேயே கணக்கு கைக்கு வந்துவிடுகிறது. நேரம் அப்படி இல்லை. மீந்தாலும் தெரியாது, போதாவிட்டாலும் அப்போது தெரியாது. சனிக்கிழமை சம்பளம் எண்ணும்போதுதான் தெரியும். அதுவும் எந்த வேலையில் போனது என்று தெரியாது. "மொத்தம் பதினெட்டு நாள் ஆச்சு" என்று மட்டும் மனதில் நிற்கும்.

நீங்கள் எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் அது செய்வது ஒரு பெருக்கல். இத்தனை மீட்டர் காடி (பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்), மீட்டருக்கு இத்தனை நிமிடம், ஆகவே இத்தனை மணி. மீட்டர் உங்கள் பிளானில் இருந்து வரும். நிமிடம் எங்கிருந்து வரும்? கேள்வி முழுக்க அதில்தான் இருக்கிறது.

வெளிநாட்டு எஸ்டிமேட்டிங் சாஃப்ட்வேர்களில் அந்த நிமிடத்தை அவர்களே நிரப்பிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் மின் ஒப்பந்தக்காரர்களின் சங்கமான நெக்கா, வேலை வாரியாக லேபர் யூனிட் (ஒரு வேலைக்கு ஆகும் ஆள் நேரம்) கையேடு வெளியிடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் சாதாரணம், கடினம், மிகக் கடினம் என்று மூன்று நிலைக்கு மூன்று எண் இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே பெரும்பாலான வீடு மரச்சட்டத்தில் நிற்கிறது. சட்டத்தில் துளை போட்டுக் கேபிளை நேராக இழுத்துவிட்டு மேலே பலகை அடிக்கிறார்கள். நாம் செங்கல் சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, கொத்தனார் பூசிய பிறகு அந்தப் பைப்புக்குள் வயர் இழுக்கிறோம். அந்த எண்ணை இங்கே போட்டால் எந்தப் பக்கம் தப்பும் என்றுகூடச் சொல்ல முடியாது.

நம் நாட்டிலும் உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வில் ஒவ்வொரு வேலைக்கும் வயர்மேன் எத்தனை நாள், கலாசி (உதவியாள்) எத்தனை நாள் என்று பின்னத்தில் போட்டிருப்பார்கள். கட்டட வேலையின் ஆள் அளவுக்கென்று ஐ.எஸ். 7272 என்ற இந்தியத் தர ஆவணமே 1974-இல் வந்தது. அதன் முதல் பகுதி வட மண்டலத்துக்கானது. ஆள் திறன் ஊருக்கு ஊர் மாறும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டு பிரித்திருக்கிறார்கள். இவற்றை ஒருமுறை பாருங்கள், எந்தெந்த வேலையைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது புரியும். எண்ணை மட்டும் எடுக்காதீர்கள். அது உங்கள் ஆட்களின் எண் இல்லை.

நான் 2017-இல் ஒரு மாடி வீட்டை எடுத்துப் பட்டபாடு நினைவிருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு, பாயிண்டுக்கு (ஒரு லைட்டோ ஃபேனோ பிளக்கோ வரும் இடம்) இவ்வளவு என்று பேசி முடித்தேன். கீழ்த்தளம் செங்கல், மேல்தளம் சாலிட் பிளாக். படிக்கட்டில் டூ-வே (ஒரே லைட்டை இரண்டு சுவிட்சில் இயக்குவது) நான்கு இடம், அறைக்கு அறை இன்வெர்ட்டர் லைன் தனி. இரண்டு ஆட்களுக்குப் பதினொரு நாள் கூலி என் கையிலிருந்து போனது. ஒருவர்கூட வேலையில் சுணங்கவில்லை. நான் போட்ட யூனிட்தான் தப்பு.

பாயிண்ட் என்பது பில் போடும் யூனிட். நேரத்துக்கு அது யூனிட் ஆகாது. சுவிட்ச் பாக்ஸுக்கு மேலேயே இரண்டு மீட்டரில் வரும் சுவர் லைட்டும் ஒரு பாயிண்ட், கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று பன்னிரண்டு மீட்டர் ஓடும் படிக்கட்டு லைட்டும் ஒரு பாயிண்ட். கஸ்டமரிடம் பாயிண்ட் ரேட்டே பேசுங்கள், ஊர் வழக்கம் அது. உங்கள் ஷீட்டுக்குள் மட்டும் வேலையைக் கை செய்யும் செயலாக உடைத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் தளத்துக்குள் போகும் ஸ்லாப் பைப்பிங்கை மீட்டரில் எழுதுங்கள், ஃபேன் பாக்ஸும் ஜங்ஷன் பாக்ஸும் எண்ணிக்கையில். காடி வெட்டு மீட்டரில், ஆனால் சுவர் வகை வாரியாக. செங்கல் ஒரு வரி, ஃப்ளை ஆஷ் கல் ஒரு வரி, சாலிட் பிளாக் ஒரு வரி, ஏஏசி பிளாக் (எடை குறைந்த காற்றறைக் கல்) ஒரு வரி. ஏஏசி வெண்ணெய் மாதிரி வெட்டும், சாலிட் பிளாக்கில் பிளேடு தேயும், கையும் தேயும். பில்லரிலும் பீமிலும் வெட்டக்கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். அதனால் அங்கே மீட்டர் கூடும், பெண்டு (பைப் வளைவு) கூடும். சுவிட்ச் பாக்ஸ் பதிப்பது எண்ணிக்கை, பெரிது சிறிது தனி. வயர் இழுப்பு பைப் ஓட்டத்தின் மீட்டரில், எத்தனை வயர் ஒன்றாகப் போகிறது என்ற குறிப்போடு. சுவிட்ச் மாட்டுவது மாடுல் (பிளேட்டில் ஒரு சுவிட்ச் பிடிக்கும் இடம்) எண்ணிக்கையில். டிபி (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) கட்டுவது அதில் மாட்டும் எம்சிபி (தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்) எண்ணிக்கையில். எர்த் குழியும் மெகர் டெஸ்டும் (வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது) வேலைக்கு ஒன்று. பத்துப் பன்னிரண்டு வரிக்குள் முடித்துவிடுங்கள். நாற்பது வரி போட்டால் மூன்றாம் நாள் யாரும் எழுத மாட்டார்கள்.

சாஃப்ட்வேருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் போதும். எக்ஸெல் பழகியிருந்தால் அதுவும் சரி. நான் வைத்திருக்கும் தலைப்புகள்: தேதி, சைட், செயல், அளவு, ஆட்கள், தொடங்கிய மணி, முடிந்த மணி, காத்திருந்த நிமிடம், காரணம். ஒரு வரியைக் காட்டுகிறேன்: "காடி, செங்கல், 14 மீட்டர், 2 ஆள், 9:40 முதல் 12:50, காத்திருப்பு 25, கரண்ட் இல்லை." இதில் கடிகார நேரம் 190 நிமிடம், காத்திருப்பு போக 165. இரண்டு ஆள் என்பதால் 330 ஆள்-நிமிடம், அதாவது 5.5 ஆள்-மணி. மீட்டருக்கு 23 அல்லது 24 ஆள்-நிமிடம் விழுகிறது. இது அன்றைய ஜோடியின் எண், நீங்கள் எடுத்துப் போட்டுக்கொள்ள அல்ல.

ஷீட்டில் ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். முடிந்த மணியிலிருந்து தொடங்கிய மணியைக் கழித்தால் விடை ஒரு நாளின் பின்னமாகத்தான் உள்ளே இருக்கும். அதை 24-ஆல் பெருக்கினால்தான் மணி. பெருக்காமல் ஆட்களால் பெருக்கிவிட்டு, வரும் 0.26-ஐப் பார்த்து மண்டை காய்ந்து ஷீட்டையே மூடியவர்கள் உண்டு. மணியை 9:40 என்று இரட்டைப் புள்ளியோடு அடியுங்கள், 9.40 என்று அடித்தால் அதை வெறும் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

சைட்டில் தூசிக் கையோடு ஷீட்டைத் திறந்து எழுத முடியாது. எங்கள் வழக்கம், டீக்கு உட்காரும்போதும் சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் சாயங்காலம் கிளம்பும்போதும் வாட்ஸப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "அண்ணே, ஹால் முடிஞ்சுது, பதினாலு மீட்டர், நடுவுல கரண்ட் போச்சு." இரவு பத்து நிமிடம் உட்கார்ந்து நான் ஏற்றிவிடுவேன். மறுநாள் ஏற்றலாம் என்று விட்டால் ஞாபகத்தில் இருந்து எழுதுவீர்கள். ஞாபகம் எப்போதும் குறைத்தே சொல்லும்.

இது நம் தொழிலுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள், திட்டமிடல் பிழை என்று. மனிதன் வேலையைக் கணிக்கும்போது, தடங்கல் இல்லாமல் நடக்கும் ஒரு காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்து அதன் நேரத்தைச் சொல்கிறான். இதே மாதிரி வேலை போன தடவை எத்தனை நாள் ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்க வைக்கும் கருவி என்ற அளவில்தான் சாஃப்ட்வேர் நமக்கு உதவும்.

சரி, ஏழெட்டு வீட்டுக் குறிப்பு சேர்ந்துவிட்டது. இனி எண் எடுப்பது எப்படி? இங்கேதான் படித்த பிள்ளைகளும் தப்பு செய்கிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வீட்டில் 100 மீட்டர் காடிக்கு 20 ஆள்-மணி ஆனது. இன்னொரு இடத்தில் 10 மீட்டருக்கு 4 ஆள்-மணி. முதலாவது மீட்டருக்கு 0.2, இரண்டாவது 0.4. சராசரி 0.3 என்று போடுவது தப்பு. பத்து மீட்டர் வேலைக்கும் நூறு மீட்டர் வேலைக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டீர்கள். மொத்த மணி 24, மொத்த மீட்டர் 110, வகுத்தால் 0.218. இது பரவாயில்லை. ஷீட்டில் சம்இஃப்ஸ் ஃபார்முலா போட்டு, செயல் வாரியாக மணியைத் தனியாக, அளவைத் தனியாகக் கூட்டிப் பிறகு வகுத்தால் இது வரும்.

ஆனால் இந்த எண்ணை வைத்து 5 மீட்டர் காடிக்கு நேரம் கேட்டால் 1.1 மணி என்று சொல்லும். ஐந்து மீட்டர் காடியை அந்த நேரத்தில் யாரும் முடித்ததில்லை. மெஷினை இறக்க வேண்டும், ஒயர் போர்டு இழுக்க வேண்டும், குறி போட வேண்டும், முடித்துத் தூசியைப் பெருக்க வேண்டும். ஐந்து மீட்டரானாலும் நூறு மீட்டரானாலும் இந்த வேலை மாறாது. ஆகவே நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள்: மாறாத தொடக்க நேரம் ஒன்று, மீட்டருக்கு மீட்டர் கூடும் நேரம் ஒன்று. மேலே சொன்ன இரண்டு வேலையையே எடுத்தால் 90 மீட்டர் கூடுதலுக்கு 16 மணி கூடியிருக்கிறது. மீட்டருக்கு 0.178. பத்து மீட்டருக்கு அது 1.78 மணி, மீதி 2.22 மணி தொடக்க நேரம். இப்போது 5 மீட்டருக்கு 3.1 மணி வருகிறது. 1.1 எங்கே, 3.1 எங்கே! சின்னச் சின்ன மாற்ற வேலையில், ஒரு ஏசி பாயிண்ட், ஒரு கீசர் பாயிண்ட் என்று போகும் வேலையில், நம் கூலி எங்கே கரைகிறது என்பதற்கு விடை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இரண்டு வேலையை வைத்துக் கோடு போடக்கூடாது, விளக்கத்துக்காகச் சொன்னேன். எட்டுப் பத்து வரி இருந்தால் ஷீட்டிலேயே ஸ்லோப், இன்டர்செப்ட் என்று இரண்டு ஃபார்முலா இருக்கிறது. மணி எழுதிய பத்தியை முதலிலும் அளவு எழுதிய பத்தியை அடுத்தும் காட்டினால் இரண்டு எண்ணையும் கொடுத்துவிடும்.

ஆள்-மணி என்பதிலும் ஒரு எச்சரிக்கை. இரண்டு பேர் நான்கு மணி நேரத்தில் முடிப்பதை நான்கு பேர் இரண்டு மணியில் முடிப்பார்கள் என்று ஷீட் நம்பும், நீங்கள் நம்பாதீர்கள். வெட்டும் மெஷின் ஒன்றுதான். வயர் இழுக்க ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க, மூன்றாமவர் நின்று பார்க்க வேண்டியதுதான். அதனால் எந்த வேலை எத்தனை பேரோடு செய்தது என்பதை எழுதி, அதே ஆள் அமைப்புக்கு மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

இப்போது கணக்கில் வராத நேரம். இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஒரு வீட்டில் வயர் இழுத்துக்கொண்டிருந்தோம். டிபியில் இருந்து மேல்தளப் படுக்கையறைக்குப் போகும் பைப். வயரைக் கட்டி இழுக்கப் பைப்புக்குள் விடும் ஸ்பிரிங் நான்கு மீட்டர் போனது, நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் இருந்து விட்டால் மூன்று மீட்டரில் நின்றது. சோப்புத் தண்ணீர் ஊற்றினோம், காற்று அடித்தோம், அசையவில்லை. பையன் ஏணியில் ஏறி சுத்தியல் காம்பால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. பட்டி பார்த்து முடித்த சீலிங். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, சொல்லி, சமாதானப்படுத்தி உடைத்தோம். பெண்டுக்குப் பசை போடாமல் வெறுமனே சொருகியிருந்தது. கான்கிரீட் போட்ட அன்று பைப் விலகி, சிமெண்ட் பால் உள்ளே இறங்கி, கல்லாக நின்றது. அந்த ஒரு பைப்புக்கு மூன்றரை மணி நேரம், இரண்டு ஆள். ஏழு ஆள்-மணி.

இதை "எதிர்பாராதது" என்று எழுதிவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கம். குறிப்பைப் புரட்டினால் அது எதிர்பாராததே இல்லை என்று தெரிகிறது. எங்கள் குறிப்பில் ஏறக்குறைய நான்கு வீட்டுக்கு ஒன்றில் பைப் அடைப்பு இருந்தது. நான்கில் ஒரு வீட்டில் ஏழு மணி போகிறது என்றால், எந்த வீடு என்று தெரியாததால், ஒவ்வொரு வீட்டுக்கும் 1.75 மணி சேர்க்க வேண்டும். காரணம் என்ற தலைப்பை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். கரண்ட் இல்லை, கொத்தனார் அதே சுவரில் நிற்கிறார், சாமான் வரவில்லை, வீட்டம்மா சாமி ரூம் சுவரை மாற்றச் சொன்னார். ஆறேழு காரணம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றும் எத்தனை வீட்டுக்கு ஒருமுறை, வந்தால் எத்தனை மணி என்று பெருக்கி எடுத்தால், "எதற்கும் பத்து சதவீதம் கூடப் போடு" என்று கண்ணை மூடிச் சேர்ப்பதைவிட ஆயிரம் மடங்கு நம்பிக்கையான எண் கிடைக்கும்.

இன்னொரு பலனும் உண்டு. அடைப்பு இவ்வளவு நேரம் தின்கிறது என்று எண்ணாகப் பார்த்த பிறகு, கான்கிரீட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் எல்லா பெண்டையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதும், பைப் வாயை டேப் போட்டு மூடுவதும், பூச்சுக்கு முன் ஸ்பிரிங் விட்டுப் பார்ப்பதும் எங்களுக்குக் கட்டாயமாகிவிட்டது. அதற்கும் ஷீட்டில் ஒரு வரி, அதற்கும் நேரம்.

வீட்டுக்காரர் கேட்கும் மாற்றத்தை மட்டும் இந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள். அது தனி வரி, தனி பில். சுவரில் சாக்பீஸால் குறி போட்டவுடன் அறை அறையாகப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். பிறகு மாற்றினால் எத்தனை மணி என்று ஷீட் சொல்லும், முகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது நாள் கணக்கு. கூலி மணியில் இல்லை, நாளில் இருக்கிறது, அதிலும் அரை நாளுக்குக் கீழே இல்லை. காலை 9 முதல் மாலை 6 வரை ஒன்பது மணி நேரம். சாப்பாடு ஒரு மணி, இரண்டு டீ அரை மணி, மீதி ஏழரை. டூல்ஸ் எடுப்பது வைப்பது, ஏறுவது இறங்குவது என்று இன்னும் ஒரு மணி. கையில் நிற்பது 6.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு எல்லாம் சேர்த்து 130 ஆள்-மணி வந்தால் 20 ஆள்-நாள், ஜோடிக்குப் பத்து நாள். பேப்பரில் அழகாக இருக்கும்.

ஆனால் வயரிங் பத்து நாள் தொடர்ந்து நடக்கும் வேலை இல்லையே. கம்பி கட்டி முடித்ததும் ஒருமுறை, அதுவும் மறுநாள் கான்கிரீட் என்று கழுத்தைப் பிடித்து நிற்கும். சுவர் எழும்பியதும் காடிக்கு ஒருமுறை. பூச்சு முடிந்ததும் பாக்ஸ் சுத்தம் செய்ய ஒருமுறை. வயருக்கு, ஃபிட்டிங்குக்கு, இபி சர்வீஸ் வந்த பிறகு டெஸ்டுக்கு. ஆறு தடவை. அந்தப் பத்து நாள் 1.3, 3.4, 0.4, 2.2, 2.1, 0.6 என்று பிரிகிறது என்று வையுங்கள். நீங்கள் கொடுக்கும் கூலியோ 1.5, 3.5, 0.5, 2.5, 2.5, 1. கூட்டினால் பதினொன்றரை. ஒன்றரை ஜோடி நாள், அதாவது மூன்று ஆள் கூலி, வேலையில் எந்தக் குறையும் இல்லாமலே போய்விட்டது. சீலிங் ஃபார்முலாவில் 0.5 கொடுத்தால் ஷீட் தானே அரை நாளுக்கு மேலேற்றும். மொத்தத்தில் போடாதீர்கள், ஒவ்வொரு தடவைக்கும் தனியாகப் போடுங்கள். முன்னே சொன்ன தொடக்க நேரத்தைச் செயலோடு சேர்த்திருந்தால் இங்கே இன்னொரு முறை சேர்க்கவும் கூடாது.

குறிப்பே இல்லாத புது வேலை வந்தால்? ஹோம் ஆட்டோமேஷன் கேட்கிறார்கள், நீங்கள் செய்ததில்லை. அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு வைத்த பெர்ட் முறை. எல்லாம் நன்றாகப் போனால் எத்தனை மணி, வழக்கமாக எத்தனை, எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை என்று மூன்று எண் சொல்லுங்கள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுங்கள். 6, 8, 16 என்றால் 6, 32, 16 கூடி 54, ஆறால் வகுக்க 9. உங்கள் வாய் சொல்லும் 8-ஐவிட ஒரு மணி கூட. கடைசி எண்ணை மனம் கூசாமல் சொன்னால்தான் இது வேலை செய்யும்.

வேலை நடுவிலும் ஷீட்டைப் பாருங்கள். காடிக்கு 40 மணி போட்டு 52 ஆகிவிட்டது என்றால் 1.3 மடங்கு. மீதி வேலையும் 1.3 மடங்கு ஆகுமா என்பதைக் காரணம்தான் சொல்லும். சுவர் கெட்டி என்பது காரணமானால் வயர் இழுப்பை அது தொடாது. புது ஹெல்பர் என்பது காரணமானால் எல்லாவற்றையும் தொடும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றே ஆளை மாற்றி அமையுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் குறிப்பைக் காட்டி யாருடைய கூலியிலும் கை வைக்காதீர்கள், "நேத்து பதினாலு மீட்டர், இன்னிக்கு ஏன் பத்து?" என்று நிற்க வைத்துக் கேட்காதீர்கள். ஒருமுறை கேட்டால் போதும், மறுநாளில் இருந்து எல்லா நாளும் பதினான்கு மீட்டர் என்றே வாய்ஸ் மெசேஜ் வரும். அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது குறிப்பு இல்லை. முதல் நாளே ஆட்களை உட்கார வைத்து, இது அடுத்த வேலைக்கு நான் சரியான விலை கேட்பதற்கு, உங்கள் கூலியைச் சனிக்கிழமை தவறாமல் கொடுப்பதற்கு என்று சொல்லிவிடுங்கள். எங்கள் பெரிய வயர்மேனுக்கு இது புரிந்த பிறகு, நான் கேட்காமலே அவர் சொல்ல ஆரம்பித்த தகவல்கள் என் ஷீட்டில் பாதி.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சைட்டிலேயே தொடங்குங்கள், புது வேலைக்காகக் காத்திருக்க வேண்டாம். காடியும் வயர் இழுப்பும் மட்டும் எழுதினால் போதும், பெரும்பகுதி நேரம் அந்த இரண்டில்தான் போகிறது. மற்ற செயல்களை அடுத்த வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். நான்காவது வீட்டுக்கு கொட்டேஷன் போடும் முன் பழைய முறையில் ஒரு எண், ஷீட்டில் இருந்து ஒரு எண், இரண்டையும் எழுதி வையுங்கள். வேலை முடிந்த சனிக்கிழமை எடுத்துப் பாருங்கள்.